பாஷ், அன்சிபிள், குளோன்சில்லா: பாதியில் கரண்ட் போனால் எது தாங்கும்?

கணினியில் உபுண்டு 24.04 லினக்ஸ் ஏற்றியாயிற்று. இனி நிரல் எழுதத் தேவையான கிட், டொக்கர், நோட், பைத்தன், விஎஸ் கோட், தமிழ் விசைப்பலகை எல்லாம் வர வேண்டும். இதற்குப் புழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று: கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட், ஒரே இடத்திலிருந்து பல கணினிகளை அமைக்கும் அன்சிபிள், குளோன்சில்லாவால் முழு டிஸ்க்கையும் படியெடுப்பது. எது வேகம் என்றுதான் வழக்கமாக ஒப்பிடுவார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும். பலருக்கு இணையம் என்றால் போனின் ஹொட்ஸ்பொட்தான், பெரிய தரவிறக்கத்துக்கு இரவு டேட்டா. அதனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: பாதியில் நின்றால் என்ன ஆகும், மறுபடி ஓட்டினால் என்ன ஆகும்.

பாஷ்

ஒலுவிலில் போடிங்கில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு, ஒரே ஒரு லெப்டொப்புக்கு, இதுவே போதும். தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. ஆனால் பாஷுக்கு ஞாபகம் கிடையாது. பாஷ் தொடங்கும்போது படிக்கும் ‘பாஷ்ஆர்சி’ கோப்பின் கடைசியில், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் ஒரு பாத் வரியைச் சேர்க்கும் ஸ்கிரிப்டை மூன்று தரம் ஓட்டினால் அந்த வரி மூன்று தரம் விழும். கிரெப்பால் தேடி, இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும்படி எழுதுங்கள். ஃபோல்டர் உண்டாக்கும் கட்டளைக்கு ‘பி’ தெரிவு கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டாம் ஓட்டத்தில் பிழை வரும். ஃபோல்டர் ஒன்றுக்கு சிம்லிங்க் (குறுக்குவழி) போடும்போது ‘எஸ்’, ‘எஃப்’ மட்டும் போதாது, ‘என்’னும் வேண்டும். அதை விட்டால் இரண்டாம் ஓட்டத்தில் பழைய லிங்க்குக்குள்ளேயே இன்னொரு லிங்க் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘வெர்ஷன் மாறவேயில்லையே’ என்று அரைநாள் தேட வைக்கும்.

தலையில் ‘செட்’ வரி போட்டு ஈ, யு, பைப்ஃபெயில் மூன்றையும் இயக்குங்கள், பிழை வந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நிற்கும். அது இல்லாத ஸ்கிரிப்ட், இணையம் அறுந்த பிறகும் அடுத்தடுத்த வரிகளை ஓட்டி, கடைசியில் ‘எல்லாம் முடிந்தது’ என்று கூசாமல் எழுதிக்காட்டும்.

அடுத்த தொல்லை விண்டோஸிலிருந்து வரும். ஸ்கிரிப்டை அங்கே திருத்திப் பென்ட்ரைவில் கொண்டுவந்து ஓட்டினால், தேவையான கோப்பு கிடைக்கவில்லை என்று பிழை வரும். பழைய பாஷ் பதிப்பென்றால் இன்டர்பிரட்டர் சரியில்லை என்று வரும், பாஷ் என்ற பெயரின் வாலில் ஒரு தொப்பிக் குறியும் ‘எம்’ எழுத்தும் ஒட்டியிருக்கும். கோப்பில் பிழையில்லை, விண்டோஸின் வரிமுடிவுதான் காரணம். ‘டொஸ்-டு-யுனிக்ஸ்’ கருவி உடனே தீர்க்கும். நிரந்தரத் தீர்வு, கிட் களஞ்சியத்தில் ‘கிட்அட்ரிபியூட்ஸ்’ கோப்பு வைத்து, ஷெல் கோப்புகளுக்கு லினக்ஸின் எல்எஃப் வரிமுடிவுதான் என்று எழுதிவிடுவது.

அன்சிபிள்

2012இல் வந்தது, 2015இலிருந்து ரெட் ஹெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எதிர்முனைக் கணினியில் எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) பைத்தனும் இருந்தால் போதும். ‘இதைச் செய்’ என்று எழுதாமல் ‘இது இப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதுவதால், கரண்ட் வந்ததும் அதே பிளேபுக்கை (அன்சிபிளுக்கு எழுதும் பட்டியல்) மறுபடி ஓட்டலாம். முடிந்தவற்றை ‘ஓகே’ என்று தாண்டிப்போகும், விட்டதை மட்டும் செய்து ‘சேஞ்ச்ட்’ என்று காட்டும். ‘ஷெல்’ மொடியூல் மட்டும் இதற்கு அடங்காது. அதில் எழுதியது ஒவ்வொரு தரமும் ஓடும். ‘கிரியேட்ஸ்’ என்று ஒரு கோப்பைக் குறித்துவிட்டால்தான் அந்தக் கோப்பு இருக்கும்போது சும்மா இருக்கும்.

தொடங்குவதில் சிரமம் உண்டு. 20 கணினி உள்ள கூடம் என்றால் 20க்கும் முதலில் எஸ்எஸ்எச் சாவி போட வேண்டும். பிளேபுக் எழுதும் யாமல் கோப்பில் டேப் விழுந்தால் படிக்காது. விண்டோஸிலிருந்து நேரடியாக ஓட்ட முடியாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் தேவை. ஒரே நேரத்தில் 5 கணினியைத்தான் இயல்பாகக் கவனிக்கும். ‘ஃபோர்க்ஸ்’ எண்ணை 20 ஆக்கலாம், ஆனால் அத்தனையும் ஒரே பொதியை ஒரே ஹொட்ஸ்பொட்டில் இழுத்தால் லைன் படுத்துவிடும்.

இதற்கு ஆப்ட்-கேஷர்-என்ஜி இருக்கிறது. ஒரு கணினியில் நிறுவி, மற்றவற்றின் ஆப்ட் (உபுண்டுவின் பொதி நிறுவி) அமைப்பில் அதன் 3142 போர்ட்டை ப்ரொக்ஸியாகக் கொடுத்தால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். இதன் வழியே போவது கணினிக்கு 2 ஜிபி என்றால் 40 ஜிபி போக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 2 ஜிபியோடு முடியும். டொக்கரின் களஞ்சியம் எச்டிடிபிஎஸ் என்பதால் இதற்குள் போகாது. எச்டிடிபிஎஸ் ப்ரொக்ஸியை ‘டிரெக்ட்’ என்று தனியாக எழுதுங்கள். அதே லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆப்ட் அப்டேட் தோற்கும், கேஷர் அங்கே இல்லையே.

குளோன்சில்லா

கல்முனைப் பக்கம் ஒரு கூடத்தில் ஒரே மொடல் கணினி 20, இணையமும் மட்டு என்றால் இதற்கு ஈடில்லை: இரவு டேட்டாவில் ஒன்றைத் தயாரித்து மற்றவற்றுக்குப் படியெடுத்துவிடலாம். கரண்ட் விஷயத்தில் மூன்றிலும் மோசமானது இதுதான். படிமத்தை டிஸ்க்கில் இறக்கும் மீட்டெடுப்பு 90 சதவீதத்தில் நின்றாலும் அந்தக் கணினியை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள். 500 ஜிபி டிஸ்க்கில் எடுத்த படிமம், உள்ளே 30 ஜிபிதான் பயன்பட்டிருந்தாலும், 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே போகாது. படியெடுக்க முன்பே பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும்.

படியெடுத்த கணினிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கணினியின் அடையாள எண்ணான ‘மெஷின்-ஐடி’ ஒன்றே. டெஸ்க்டொப்பில் இது பெரும்பாலும் வெளியே தெரியாது. சர்வர் பதிப்பில் அந்த ஐடியிலிருந்துதான் ரவுட்டரிடம் ஐபி கேட்கும் டிஎச்சிபி அடையாளம் பிறக்கிறது, அதனால் ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். ஏழாம் கணினிக்குப் போட்ட எஸ்எஸ்எச் பன்னிரண்டாம் கணினியில் போய் நிற்கும். கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவியும் ஒன்றே என்பதால் எச்சரிக்கைகூட வராது.

ஒரே வேலை, மூன்று விதமான பிழை

தமிழ் விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் ரெங்கநாதன் தளக்கோலம் கிடைக்கும். பொதியை நிறுவ ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும், தளக்கோலத்தை இயக்கும் ‘ஜிசெட்டிங்ஸ்’ கட்டளையோ பயனரின் பெயரில் ஓட வேண்டும். முழு பாஷ் ஸ்கிரிப்டையும் ரூட் உரிமை தரும் சுடோ போட்டு ஓட்டினால் விசைப்பலகை ரூட்டுக்குப் போய்ச் சேரும், பயனருக்கு ஆங்கிலம்தான் மிச்சம். அன்சிபிளில் அந்த ஒரு டாஸ்க்குக்கு மட்டும் ரூட்டாக மாறும் ‘பிகம்’ இல்லை என்று எழுத வேண்டும். குளோன்சில்லாவில் இந்தக் கவலையே இல்லை, வீட்டு ஃபோல்டரோடு சேர்ந்து வந்துவிடும்.

24.04இல் பழைய ஸ்கிரிப்டுகள் வழுக்கும் இடம் இரண்டு. களஞ்சிய முகவரிகள் ‘உபுண்டு.சோர்சஸ்’ என்ற புதுக் கோப்புக்குப் போய்விட்டன, பழைய ‘சோர்சஸ்.லிஸ்ட்’டை மாற்றும் வரி பிழையும் காட்டாது, பலனும் தராது. பைத்தன் பொதிகளுக்கான பிப்பைச் சுடோவோடு போட்டு நிறுவுவதை இப்போது சிஸ்டமே மறுக்கும். வெர்ச்சுவல் என்விரொன்மென்டோ பிப்எக்ஸோ பாவியுங்கள். ஆப்ட் நடுவில் கரண்ட் போயிருந்தால் எதையும் மறுபடி ஓட்டுமுன், ஆப்டுக்கு அடியில் ஓடும் டிபிகேஜியை ‘கொன்பிகர்’, ‘ஏ’ தெரிவுகளோடு ஒரு தரம் ஓட்டுங்கள்.

ஐந்து கணினிக்குக் கீழே என்றால் பாஷ், அதற்கு மேலே அன்சிபிள். 20 கணினிக் கூடத்துக்குக் குளோன்சில்லாவும் அன்சிபிளும் கலந்தது நல்லது: மாறாத பெரிய பொதிகளைப் படிமத்தில் வையுங்கள், பிறகு மாறுவதை அன்சிபிளிடம் விடுங்கள். படியெடுக்குமுன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள், அழித்துவிடாதீர்கள். காலியாக இருந்தால் அடுத்த பூட்டில் புது ஐடி தானாக வரும். ஹோஸ்ட் சாவிகளை அழியுங்கள். அவை தாமாகத் திரும்ப வரும் என்று நம்பாமல், மீட்டெடுத்த ஒவ்வொரு கணினியிலும் முன்னால் உட்கார்ந்து ‘எஸ்எஸ்எச்-கீஜென்’னைப் பெரிய ‘ஏ’ தெரிவோடு ஓட்டுங்கள், கையோடு ஹோஸ்ட்நேமையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகுதான் அன்சிபிளால் அந்தக் கணினிகளைத் தொட முடியும்.