செமஸ்டர் பாதியில் ப்ராஜெக்ட் டாபிக்கை மாற்றுவதா? நான்கு வழிகள், ஓர் அலசல்

கடைசி வருட ப்ராஜெக்ட்டின் முதல் ரிவியூ (இடைக்கால மதிப்பீடு) முடிந்த வாரத்தில் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பேட்ச், அதாவது ஒரு மாணவர் குழு, வந்து நிற்கும். "சார், டைட்டிலை மாத்திக்கலாமா?" உடனே சரி என்று தலையாட்டுகிற கைடும் (வழிகாட்டும் ஆசிரியர்) உண்டு, பேச்சே கூடாது என்று விரட்டுகிற கைடும் உண்டு. இரண்டுமே மாணவர்களுக்குச் செய்கிற நல்லது இல்லை என்பது என் கருத்து. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் 10 கிரெடிட். வேலைக்கான நேர்காணலில் "உன் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லு" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். அதனால் மாற்றலாமா வேண்டாமா என்று கேட்பதற்கு முன்னால், எதை மாற்றுகிறோம், இதுவரை செய்ததில் எதைக் கையோடு எடுத்துப் போகிறோம் என்று நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

டெல்டா பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் அடிக்கடி வருகிற தலைப்பு, நெல் இலையைப் போட்டோ எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ஆப். நாலு பேர் பேட்ச். தலைப்புக்கு ஒப்புதல் வாங்கும் ஜீரோத் ரிவியூவில் "படங்களை நாங்களே வயலுக்குப் போய் எடுப்போம்" என்று சொல்கிறார்கள், மதிப்பிடும் ஆசிரியர்களின் பேனலும் சந்தோஷப்பட்டு ஓகே செய்துவிடுகிறது. செமஸ்டர் ஆரம்பிப்பது ஜனவரியில். பொங்கல் விடுமுறை முடிந்து, பேஸ் பேப்பர் (அடிப்படையாக எடுக்கும் ஆய்வுக் கட்டுரை) படித்து, பிபிடி தயார் செய்து, முதல் ரிவியூவையும் தாண்டிவிட்டு வயலுக்குக் கிளம்பும்போது சம்பா அறுவடை முடிந்திருக்கும், தாளடி நெல்லும் முடிகிற கட்டத்தில் இருக்கும். நெல் நின்ற இடத்தில் உளுந்தும் பச்சைப் பயறும்தான் நிற்கின்றன. யாருடைய திறமையிலும் குறை இல்லை, பருவமும் செமஸ்டரும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இப்போது இந்த நாலு பேர் முன்னால் நாலு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: அப்படியே தொடர்வது

டைட்டிலைத் தொடாமல், எப்படியாவது நெல்லைத் தேடிப் போவது. இது முடியாத காரியம் இல்லை. பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகள் சிலர் கோடை நெல் போடுகிறார்கள், விசாரித்தால் வயல் கிடைத்துவிடும். ஆனால் கிடைக்க வேண்டியது வயல் மட்டும் இல்லை, நோய் வந்த வயல். குலை நோய் என்ற பூஞ்சை நோய்க்கு இரவுக் குளிரும் பனியும் வேண்டும், மார்ச் வெயிலில் அது அபூர்வம். கோடைப் பயிர் அப்போது இளம் பயிராகவும் இருக்கும். ஐந்து நோய்களைப் பிரித்துக் காட்டுகிறோம் என்று அப்ஸ்ட்ராக்ட்டில் (சுருக்கவுரையில்) எழுதிவிட்டு, இரண்டு நோய்க்கு மட்டும் நூறு படம் வைத்துக்கொண்டு ரெண்டாவது ரிவியூவுக்குப் போக வேண்டியிருக்கும்.

அப்போதுதான் குறுக்கு வழி கண்ணில் படும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ப்ளான்ட்வில்லேஜ் படத்தொகுப்பை எடுத்துப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்வார். 54,306 படங்கள், 14 பயிர்கள். தக்காளி இருக்கிறது, உருளை இருக்கிறது, ஆப்பிள் இருக்கிறது, திராட்சை இருக்கிறது. நெல் மட்டும் இல்லை. இதைக்கூடப் பார்க்காமல் அதே டைட்டிலோடு ரிப்போர்ட் எழுதுகிற பேட்ச்கள் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் படங்கள் பறித்த இலையை வயல் தெரியாத வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016இல் அந்தத் தொகுப்பை வைத்து வந்த பேர்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் மாடல் (படம் பார்த்து நோய் சொல்லப் பழக்கிய ப்ரோக்ராம்) சரியாகச் சொன்ன அளவு, அதாவது அக்யூரசி, 99.35 சதவீதம். அதே மாடலை வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களில் சோதித்தபோது சுமார் 31 சதவீதமாக இறங்கியது, இதையும் அந்த ஆசிரியர்களே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், "இது வயலில் வேலை செய்யுமா?" என்று கேட்டால், அந்த 99ஐ வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

ஆக, தொடர்வது என்பது யாராவது ஒருவர் வீட்டிலேயே கோடை நெல் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டிய வழி.

இரண்டாவது வழி: தலைப்பைச் சுருக்குவது

பல பேட்ச்களுக்கு இது தோல்வி மாதிரித் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, நாலு வழிகளில் மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்வது இதில்தான் என்று நினைக்கிறேன். சொந்தமாகப் படம் எடுப்பது, ஆப், மருந்துப் பரிந்துரை எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஏற்கனவே வயலில் எடுத்து வைத்திருக்கும் படங்களில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பது.

அப்படிப்பட்ட படங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மாவட்டத்து வயல்களில் எடுத்துத் தொகுத்த 'பேடி டாக்டர்' தொகுப்பு 2022இல் கேகிள் என்ற டேட்டா சயின்ஸ் இணையதளத்தின் போட்டி ஒன்றுக்கும் வந்தது. அதில் என்ன பாதிப்பு என்று பெயரிட்ட, மாடலைப் பழக்குவதற்கான படங்கள் 10,407, வகைகள் பத்து: ஒன்பது பாதிப்புகள், ஒன்று ஆரோக்கியமான பயிர். நோய் இல்லாத படங்கள் 1,764, குலை நோய் 1,738, துங்ரோ என்ற வைரஸ் நோய் 1,088 இருக்க, பாக்டீரியா இலைக் கருகலுக்கு 479தான். ஆக, மொத்த அக்யூரசி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது, குறைவாக உள்ள வகைகளில் மாடல் என்ன செய்கிறது என்று தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஒவ்வொரு படத்துக்கும் நெல் ரகமும் பயிரின் வயதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. 10,407இல் 6,992 படங்கள் ஏடிடி 45 என்ற ஒரே ரகம், பொன்னி 657தான். இங்கேயே ஒரு நல்ல கேள்வி கிடக்கிறது: ஏடிடி 45ஐ மட்டும் காட்டிப் பழக்கிய மாடல், இதுவரை பார்க்காத பொன்னியிலும் அதே நோயைச் சரியாகச் சொல்லுமா? படங்களைக் குருட்டாம்போக்கில் இரண்டாகப் பிரித்துச் சோதிக்கும்போது வருகிற எண்ணும், ரகம் வாரியாகப் பிரித்துச் சோதிக்கும்போது வருகிற எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒரு அட்டவணை போட்டால் அதுவே ப்ராஜெக்ட். ஏற்கனவே வேறு படங்களில் பழக்கிய ரெஸ்நெட், மொபைல்நெட் மாதிரி ஒரு மாடலை எடுத்து நம் படங்களுக்குப் பழக்கினால் (ட்ரான்ஸ்ஃபர் லேர்னிங்), இணையம் வழி இயங்கும் கூகுள் கொலாபின் இலவச ஜிபியூவிலேயே (வேகமான கணிப்புச் சிப்) ஓட்டிவிடலாம். லிட்டரேச்சர் சர்வே (முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு) அப்படியே நிற்கும், எழுதிய கோடும் (ப்ரோக்ராம்) பெரும்பாலும் நிற்கும், டைட்டிலில் மூன்று நாலு சொற்கள்தான் மாறும்.

இதில் இழப்பு என்னவென்றால், வயலுக்குப் போகிற அனுபவம் போய்விடுகிறது. ஜீரோத் ரிவியூவில் பேனல் பாராட்டியது அதைத்தான் என்றால், ஏன் விட்டுவிட்டீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். அறுவடைக் காலத்தைச் சொல்லி நேராக விளக்கினால் போதும், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேனலுக்கு சம்பா எப்போது அறுப்பார்கள் என்று தெரியாமல் இருக்காது.

மூன்றாவது வழி: முறை அதுவே, பயிர் மட்டும் வேறு

நெல் இல்லையா, வயலில் இப்போது நிற்பதை எடுத்துக்கொள்வோம் என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். டெல்டாவில் சம்பா அறுப்பதற்குச் சுமார் ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தூவிவிடுவார்கள். அது 70, 75 நாள் பயிர். ஆக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் படம் எடுக்க வயல் இருக்கும். உளுந்தின் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது, இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகப் பளிச்சென்று தெரியும், போட்டோவில் நன்றாக விழும்.

நெல்லுக்கு எழுதிய கோடு அப்படியே உதவும், மாடலின் கடைசி அடுக்கில் வகைகளின் எண்ணிக்கையை மாற்றினால் சரி. லிட்டரேச்சர் சர்வேயில் பாதி உதவும், பயிர் சம்பந்தப்பட்ட பாதியைத் திரும்ப எழுத வேண்டும். புதிதாகச் செய்ய வேண்டிய வேலை என்றால் படம் எடுப்பதும், ஒவ்வொரு படத்துக்கும் இது நோயா, எந்த நோய் என்று தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்வதும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கம் என்றால் வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமே இருக்கிறது. பிள்ளைகள் தாமாகப் போய் நின்று மரியாதையாகக் கேட்டால் உதவாமல் அனுப்புகிறவர்கள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. எந்த ரகம் என்று விவசாயியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வம்பன் 8 மாதிரியான ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்குபவை, அந்த வயலில் நாள் முழுக்க அலைந்தாலும் நல்ல இலைதான் கிடைக்கும். அதுவும் வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. இன்னொன்று, பத்து நோய் பதினொன்று நோய் என்று ஆசைப்படாமல் தேமல் உண்டா இல்லையா, இருந்தால் எவ்வளவு தீவிரம் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சுருக்குவதோடு இதை ஒப்பிட்டால், நேரம் இங்கே கூடுதலாகப் போகும், ஆனால் வைவாவில் "இந்தப் படம் எங்கே, எப்போது எடுத்தது?" என்ற கேள்விக்கு நாலு பேருக்குமே பதில் தெரியும். பேட்சில் ஊர்ப் பக்கம் போய்வரக்கூடிய ஒருவர் இருந்தால் மூன்றாவது வழி, எல்லோரும் ஹாஸ்டலில் இருந்து வெளியே போக அனுமதிக்கே தவிக்கிறவர்கள் என்றால் இரண்டாவது வழி. காலக்கெடு என்று பார்த்தால், மூன்றாவது வழியை மார்ச் முதல் வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, உளுந்தும் அறுவடைக்கு வந்துவிடும், பிறகு அதே கதை.

நாலாவது வழி: முழுக்கப் புதிய தலைப்பு

முகம் பார்த்து வருகைப்பதிவு, மண் ஈரம் பார்த்துத் தானாக மோட்டார் போடும் கருவி, இந்த மாதிரி எதற்காவது தாவுவது. பேஸ் பேப்பர், சர்வே, கோடு, அப்ஸ்ட்ராக்ட் எல்லாம் முதலில் இருந்து. கருவி சம்பந்தப்பட்டது என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொருள் வாங்கி வருவது, சென்சார் ஒன்று வேலை செய்யாமல் திரும்பப் போவது என்று வாரங்கள் கரையும். ஒரே ஒரு நிலைமையில் இதை ஆதரிப்பேன்: பழைய தலைப்பு உங்கள் கையில் இல்லாத ஒன்றை நம்பி இருந்து, அது நிரந்தரமாகக் கிடைக்காது என்று ஆகிவிட்டால். மருத்துவமனை நோயாளிகளின் ஸ்கேன் படம் தருகிறேன் என்று வாய்மொழியாகச் சொன்னது, அனுமதி வராமலே போனது, அந்த மாதிரி. போரடிக்கிறது, பக்கத்து பேட்ச் டைட்டில் நன்றாக இருக்கிறது என்ற காரணங்களுக்கு வேண்டாம். புதுத் தலைப்பிலும் மூன்றாவது வாரம் போரடிக்கும்.

முழுக்க மாற்றுகிறவர்களில் சிலர் நேரம் இல்லாமல் கடைசியில் போய் நிற்பது ப்ராஜெக்ட் சென்டர் வாசலில். காசு கொடுத்தால் கோடு, ரிப்போர்ட், பிபிடி மூன்றும் வரும். இதை ஐந்தாவது வழியாக நான் எண்ணவே இல்லை. வீட்டில் அப்பா அம்மா ஃபீஸ் கட்டவே கஷ்டப்படும்போது அந்தப் பணத்தையும் கொடுத்து, நாலு வருடப் படிப்பில் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பேட்சுக்குள் யார் முடிவு செய்வது

மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம் வேலையைப் பற்றியது. ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பேட்ச் உடைவது பெரும்பாலும் இங்கேதான். மாற்றலாம் என்று முதலில் சொல்கிறவரும், மாற்றினால் வேலை வீணாகப் போகிறவரும் பொதுவாக ஒரே ஆள் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து முப்பது கட்டுரை படித்துச் சர்வே எழுதியிருப்பாள், இன்னொருவன் இதுவரை ஒன்றும் ஆரம்பிக்கவில்லை என்பதால் அவனுக்கு எந்த டைட்டிலும் ஒன்றுதான். நாலுக்கு மூன்று ஓட்டு என்று முடித்தால் அந்தப் பெண்ணின் உழைப்பு ஓட்டில் தோற்றுப்போகும். யாருடைய வேலை அதிகம் வீணாகிறதோ அவருடைய சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது, மாற்றினால் புதிய தலைப்பில் சர்வேயை வேறு ஒருவர் எடுக்க வேண்டும். வாய்ப்பேச்சாக இல்லாமல், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது வழிகளை நான் திரும்பத் திரும்ப முன்னால் வைப்பதற்கு இதுவும் காரணம், அவற்றில் யாருடைய வேலையும் முழுசாகக் குப்பைக்குப் போவதில்லை.

கைடிடம் போகும்போது "சார், மாத்திக்கலாமா" என்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு பக்கம் போதும்: பழைய தலைப்பு எதனால் நின்றது, புதியதில் என்ன கேள்வி, கையில் என்ன டேட்டா இருக்கிறது, ரெண்டாவது ரிவியூவுக்குள் யார் எதை முடிப்பார்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்தில் நிதி வாங்கியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், பணம் வந்தது பழைய தலைப்புக்கு, அவர்களைக் கேட்காமல் கைடும் ஹெச்ஓடியும் (துறைத் தலைவர்) மட்டும் மாற்றிவிட முடியாது. அனுமதி கிடைத்த அன்றே ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டரின் பட்டியலிலும் பெயரை மாற்றச் சொல்லுங்கள், கடைசி வாரம் போனஃபைட் சர்டிஃபிகேட்டில் பழைய டைட்டில் அச்சாகி வந்து, பைண்டிங் செய்த ரிப்போர்ட்டை எல்லாம் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்காது.