இடித்துக் கட்டிய உலகில் நெடுநாள் குடியிருந்தவனின் அனுபவம்: டிசி, மார்வெல் மறுதொடக்கங்கள்

2011 செப்டம்பரில், பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்கப் பதிப்பாளரான டிசி காமிக்ஸ் தன் பழைய கணக்கை மூடிவிட்டு, 52 தலைப்புகளை ஒரே மாதத்தில் முதல் இதழிலிருந்து தொடங்கியது. அந்த ‘நியூ 52’ காலம் தொட்டு, பழைய வரலாற்றைத் திரும்பக் கொண்டுவந்த 2016-இன் ‘ரீபர்த்’ வழியாக, 2024-இல் வந்த ‘அப்சல்யூட்’ வரிசை வரை தொடர்ந்து வாசித்து வருகிறேன். கதை உலகம் ஒன்றை அதன் பதிப்பாளரே இடித்துக் கட்டும்போது அதில் குடியிருக்கும் வாசகனுக்கு என்ன நேர்கிறது என்பதை இத்தனை ஆண்டு வாசிப்பிலிருந்து சொல்கிறேன். என் தீர்ப்பு இதுதான்: கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லட்டும், மகிழ்ச்சியோடு வாசிப்பேன். ஆனால் முன்பு நடந்தது நடக்கவே இல்லை என்று அறிவிக்கும்போது வாசகனின் வாழ்நாளில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறார்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் வளர்ந்த எனக்கு காமிக்ஸ் என்றால் சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் இதழ்களும் ராணி காமிக்ஸும்தான். 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. என் மாமா சேர்த்து வைத்திருந்த அந்தக் காலத்து இதழ்களை அட்டை கிழியக் கிழியப் படித்திருக்கிறேன். வேதாளர் கதைகளும் அப்படித்தான். அவற்றை எழுதிய லீ ஃபாக் 1936-இலேயே ஓர் அருமையான வழியைக் கண்டுபிடித்திருந்தார்: முகமூடிக்குள் இருப்பவர் 21-ஆம் தலைமுறை, தந்தை இறந்தால் மகன் அதே உடையை அணிந்து அதே குகையில் உட்காருகிறான். முன்னோர் யாரும் அழிக்கப்படுவதில்லை, அவர்கள் எழுதிய குறிப்பேடுகள் குகையின் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட கதையில் ஊறிய ஒருவன் அமெரிக்க சூப்பர்ஹீரோ உலகத்துக்குள் நுழைந்தால், அங்கே குறிப்பேடுகளைக் கொளுத்துகிறார்கள் என்பது சற்று அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

நியூ 52-இன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் கோயம்புத்தூரில் அமெரிக்க காமிக்ஸ் என்றால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அகப்படும் ஒற்றை இதழ்கள்தான். முந்தைய இதழும் கிடைக்காது, அடுத்ததும் கிடைக்காது. 2011-இல் டிசி தன் எல்லாத் தலைப்புகளையும் அச்சில் வரும் அதே நாளில் டிஜிட்டலிலும் வெளியிட்டது. நியூயார்க் வாசகர் படிக்கும் அன்றே பீளமேட்டில் உட்கார்ந்து நானும் படித்தேன். ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த பேட்மேன், பிரையன் அஸரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் உருவாக்கிய வொண்டர் வுமன், ஜெஃப் லெமீர் எழுதிய அனிமல் மேன் ஆகிய மூன்றும் இன்றும் என் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கின்றன. பேட்மேன் தொடரில், ஆந்தை முகமூடி அணிந்த ரகசியக் கூட்டத்தின் சுரங்கத்தில் பேட்மேன் புத்தி பேதலித்து அலையும் ஐந்தாம் இதழில் பக்கங்கள் பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு தலைகீழாகவே மாறும். புத்தகத்தைச் சுழற்றிச் சுழற்றித்தான் படிக்க வேண்டும். டேப்லெட்டில் அதைப் படிக்கிறவர்கள் திரை தானாகத் திரும்புவதை முதலில் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அந்த மயக்கம் கைகூடாது.

கோளாறு அடித்தளத்தில் இருந்தது. சூப்பர்ஹீரோக்கள் உலகத்துக்குத் தெரியவந்து ஐந்தே ஆண்டுகள்தான் ஆகின்றன என்று புதிய வரலாறு எழுதினார்கள். அதேசமயம் அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்த பேட்மேன், கிரீன் லான்டர்ன் இரண்டின் பழைய வரலாற்றையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். விளைவைப் பாருங்கள்: டிக் கிரேசன், ஜேசன் டாட், டிம் டிரேக், டேமியன் என்று நான்கு பேர் பேட்மேனிடம் பயிற்சி பெற்று, அவர்களில் ஒருவர் செத்துப் பிழைத்து, ஒருவர் வளர்ந்து தனி வீரராகி, எல்லாம் ஐந்தாண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். டேமியனோ பேட்மேனின் சொந்த மகன், வயது பத்து! இந்தக் கணக்கு எந்த வழியில் போட்டாலும் ஒத்துவராது. இதைப் பிடித்துக்கொண்டு பேசிய வாசகர்களைக் குறை காண்பவர்கள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேட்மேனுக்கு டிக் கிரேசன் மீதிருக்கும் பாசம் வளர்ப்புத் தந்தையின் பாசம். அது ஊற ஆண்டுகள் வேண்டும். ஆண்டுகளை எடுத்துவிட்டால் பாசமும் வெறும் வசனமாகிவிடும்.

பார்பரா கார்டன் விஷயத்தில் இழப்பு இன்னும் கூர்மையானது. பேட்கேர்லாக இருந்த அவர் 1988-இல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’ கதையில் ஜோக்கரால் சுடப்பட்டு நடக்கும் திறனை இழந்தார். அத்தோடு அவரைக் கைவிட்டிருப்பார்கள். ஆனால் எழுத்தாளர்கள் ஜான் ஆஸ்ட்ரன்டரும் கிம் யேலும் மறு ஆண்டே அவரை ஆரக்கிள் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள்: சக்கர நாற்காலியில் அமர்ந்து, கணினி வலையை ஆண்டு, மொத்த வீரர் கூட்டத்துக்கும் வழிகாட்டும் மூளையாக. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த நிலையில் இருந்த பார்பரா, நியூ 52-இல் எழுந்து நடந்து மறுபடி பேட்கேர்ல் ஆனார். ஆரக்கிளை நெடுங்காலம் அழகாக எழுதிய கெய்ல் சிமோனிடமே அந்தப் புதிய தொடரும் போனது. அவர் காயத்தின் வடுவைக் கதைக்குள் மறக்காமல் வைத்திருந்தார்.

பெருந்துறையில் எனக்கு ஒரு தோழி இருக்கிறார். சிறு வயதிலேயே போலியோவால் நடக்க முடியாமல் போனவர், ஆரக்கிள் வரும் இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பார்பரா குணமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது பலரும் அவருக்கு வாழ்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்களாம். “எனக்குப் பிடித்த ஒரே ஒருத்தி என்னைப் போல இருந்தாள், இப்போது அவளையும் எடுத்துவிட்டார்கள்” என்று என்னிடம் சொன்னார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் அன்று வெளிப்படுத்திய வருத்தமும் இதுவேதான். ஸ்டெஃபனி பிரவுன், கசாண்ட்ரா கெய்ன் என்ற முந்தைய பேட்கேர்ல்கள் இருவரும் அந்தப் புதிய உலகில் சில ஆண்டுகள் இல்லவே இல்லை. 2011 சான் டியாகோ காமிக்-கானில் பேட்கேர்ல் உடையில் வந்த ஓர் இளம்பெண், அரங்கு அரங்காகப் போய் ஒலிவாங்கியைப் பிடித்து, பெண் பாத்திரங்களும் பெண் படைப்பாளிகளும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். இவற்றையெல்லாம் மாற்றத்தைக் கண்டு மிரண்டவர்களின் கூச்சல் என்று சொல்வது அநியாயம்.

வாலி வெஸ்டும் அப்படிக் காணாமல் போனவர்தான். மின்னல் வேக வீரர் ஃபிளாஷாக, பாரி ஆலனுக்குப் பின் 1986 முதல் ஓடியவர் அவர். என் வயதையொத்த வாசகர்களுக்கு ஃபிளாஷ் என்றாலே அவர்தான். 2016 மே மாதம் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய ‘ரீபர்த்’ சிறப்பிதழில் அவர் காலப் பெருவெளியில் சிக்கிக்கொண்டு, பழக்கமான ஒவ்வொரு முகத்திடமும் போய் என்னை நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். யாருக்கும் இல்லை. அவருடைய மனைவி லிண்டாவுக்கும் இல்லை. கடைசியில் விடைபெற்றுக் கரையப்போகும் நொடியில் பாரி அவரை அடையாளம் கண்டு கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். யாரோ நம் வரலாற்றிலிருந்து பத்து ஆண்டுகளைத் திருடிவிட்டார்கள் என்று வாலி சொல்லும்போது, வாசகர்கள் ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்ததைப் பதிப்பாளரே பாத்திரத்தின் வாயால் ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கத்தில் நான் அழுதேன். இன்றைக்கும் அதைத் திறந்தால் தொண்டை அடைக்கிறது.

அதன் பின் வந்த சூப்பர்மேன் தொடரும் எனக்கு மிக நெருக்கமானது. சூப்பர்மேனுக்கும் லோயிஸுக்கும் 1996-இல் நடந்த திருமணத்தை நியூ 52-இல் ரத்து செய்து, சூப்பர்மேனை வொண்டர் வுமனோடு சேர்த்து வைத்திருந்தார்கள். ரீபர்த்தில் பழைய உலகத்துச் சூப்பர்மேன் மனைவியோடும் மகன் ஜோனோடும் திரும்பினார். பீட்டர் தோமாசியும் பாட்ரிக் கிளீசனும் அந்தக் குடும்பத்தைத் தோட்டத்து வீட்டில் குடிவைத்தார்கள். மாடும் கொட்டகையும் பக்கத்து வீட்டுப் பால்காரரும் உள்ள கதை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் அந்த முதல் சில இதழ்கள் சொந்த வீட்டைப் பார்ப்பதுபோல இருக்கும். ஆக்‌ஷன் காமிக்ஸும் பழைய எண்ணுக்குத் திரும்பி, 957-இல் தொடர்ந்து, 2018-இல் ஆயிரமாவது இதழைத் தொட்டது.

இந்த வியாதி பழையது. 1985-86-இல் மார்வ் வுல்ஃப்மன், ஜார்ஜ் பெரஸ் கூட்டணியில் வந்த டிசியின் 12 இதழ்த் தொடர், இணை உலகங்களாக இருந்த பல பூமிகளை ஒன்றாக்கியது. அதில் சூப்பர்கேர்லும், பின்னாளில் திரும்பி வந்த பாரி ஆலனும் இறந்தார்கள். அடுத்து வொண்டர் வுமன் அப்போதுதான் உலகுக்கு வந்ததாகக் கதை தொடங்கினார்கள். அவருக்கு முன்பே வொண்டர் கேர்லாக இருந்த டோனா டிராய் அப்படியானால் யார்? அந்தக் கேள்விக்கு எழுத்தாளர்கள் பல ஆண்டுகள் விதவிதமாகப் பதில் எழுதினார்கள். 1994-இல் கிரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டனை வில்லனாக்கியபோது ரசிகர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். பத்து ஆண்டு கழித்து அவர் திரும்பினார்.

டிசியின் போட்டிப் பதிப்பாளரான மார்வெல் பெரும்பாலும் ஒட்டுமொத்தமாக அழிப்பதில்லை. ஆனாலும் 2007-இல் ஸ்பைடர்மேனுக்குச் செய்ததை மறக்க முடியாது. 1987-இல் மேரி ஜேனோடு நடந்த திருமணத்தை, மே அத்தையின் உயிருக்கு ஈடாக மெஃபிஸ்டோ என்ற பேயிடம் விட்டுக்கொடுக்க வைத்தார்கள். கதையை எழுதிய ஸ்ட்ராஸின்ஸ்கியே அந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மச்சான் அன்றோடு ஸ்பைடர்மேனை நிறுத்திவிட்டார். அவரை மறுபடி உள்ளே அழைத்து வந்தது 2024-இல் ஜோனதன் ஹிக்மன் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’. அதில் பீட்டருக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் சக்தியே வருகிறது. முதலிலிருந்து தொடங்கும் கதைதான் அதுவும். வேறோர் உலகத்தில் நடப்பதால் எதையும் அழிக்கவில்லை, அதனால் ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடுக்கை அடித்துப் பாடும் ஒவ்வொருவரும் பொன்னர் சங்கர் கதையை முதலிலிருந்துதான் தொடங்குகிறார். ஒருவர் வேட்டையை விரிப்பார், இன்னொருவர் தங்காளின் புலம்பலில் நெடுநேரம் நிற்பார். படுகளத்தில் வீரர்கள் விழுவதும் எழுப்பப்படுவதும் ஒவ்வொரு திருவிழாவிலும் நடக்கிறது. போன வருடம் பாடியது செல்லாது என்று எந்தப் பாடகரும் சொன்னதில்லை. கேட்பவர்கள் எல்லாப் பாடலையும் மனதில் வைத்துக்கொண்டேதான் புதியதைக் கேட்கிறார்கள்.

2021-இல் டிசியும் ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்தது: எல்லாமே நடந்தவைதான், வீரர்களுக்கும் அவை நினைவிருக்கின்றன என்று அறிவித்தார்கள். ‘அப்சல்யூட்’ வரிசை தனி உலகமாகப் பக்கத்தில் ஓடுகிறது. ஸ்னைடரும் நிக் டிராகோட்டாவும் உருவாக்கும் அப்சல்யூட் பேட்மேனில் புரூஸ் வேய்னிடம் பணமில்லை. நகரத்துக்கு வேலை செய்யும் பொறியாளர், அவருடைய தாய் உயிரோடு இருக்கிறார். பி.எஸ்.ஜி.யில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகளுக்கு இந்த பேட்மேன்தான் முதல் பேட்மேன். “மாமா, இவனுக்கு முன்னால் இருந்தவன் எப்படி இருப்பான்?” என்று கேட்டு என் அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறாள்.

புதிதாக வருபவர்களுக்குச் சில யோசனைகள். வரிசைப்படி எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம். ஓர் எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு அவர் தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடம் வரை போங்கள். ஒற்றை இதழ்களைவிடத் தொகுப்புகள் மலிவு. டிஜிட்டலில் வாங்குவதை நம்பியிருக்காதீர்கள்: நான் பழகிய செயலி பின்னாளில் வேறொரு பெரிய செயலிக்குள் கரைந்து, பக்கம் புரட்டும் சுகம் போய்விட்டது. பிடித்ததை அச்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் தமிழ் காமிக்ஸ் அரங்கில் நின்று, அங்கு வரும் மூத்த வாசகர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தத் தொகுப்பை விட்டுவிடலாம், எதற்குச் சேமிக்கலாம் என்று அவர்களிடம் கேட்கலாம். ரீபர்த் சிறப்பிதழை மட்டும் முதலில் படிக்காதீர்கள். வாலி ஃபிளாஷாக இருந்த பழைய தொகுப்பு ஒன்றையாவது முடித்துவிட்டு அதற்கு வாருங்கள்.