மகோமேயா, ட்சுமாகோவா: இரவு எங்கே தங்குவது?

ஜப்பானில், எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்கு மலைவழியே போன பழைய நகசென்டோ சாலையில் வழிப்போக்கர்கள் தங்க 69 ஊர்கள் இருந்தன. 42ஆவது ட்சுமாகோ, 43ஆவது மகோமே. கிசோ பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் காட்டுப்பாதை. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ராத்திரிக்கு எந்த ஊர் என்பதில்தான் குழப்பமே.

மகோமே சரிவில் ஏறிப் போகிற ஊர். கல் பாவிய தெரு, ஓரத்தில் சலசலக்கும் வாய்க்கால், நீர்ச்சக்கரம். உச்சிக்குப் போய்த் திரும்பினால் 2,191 மீட்டர் உயர எனா மலை கண்முன்னே நிற்கும். இந்தக் காட்சி ட்சுமாகோவில் கிடையாது. எழுத்தாளர் ஷிமசாகி டோசோன் 1872இல் பிறந்ததும் இங்கேதான். ஆனால் 1895, 1915 தீவிபத்துகளில் ஊர் எரிந்துபோனதால், இன்று நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் அதன்பின் கட்டியவை.

ட்சுமாகோவின் கதை வேறு. ரயில் வேறு வழியில் போனதும் ஊர் நொடித்தது; இளைஞர்கள் வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் 1968இல் பழைய வீடுகளைச் செப்பனிடத் தொடங்கி, 1971இல் ஊர்க் கட்டுப்பாடு ஒன்று போட்டார்கள்: விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. பகலில் பழைய தெருவில் கார் வராது. மின்கம்பியும் கண்ணில் படாது. 1976இல் அரசின் பாதுகாப்புப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இங்கே ஒருகாலத்தில் விடுதியாக இருந்த ஒகுயாவை மட்டும் தவறவிடாதீர்கள். எடோ காலத்தில் (1603–1868) கிசோவின் ஹினோகி மரத்தை வெட்டினால் தலையே போகும் என்பார்கள். தடை நீங்கியபின், 1877இல் அதே மரத்தால் எழுப்பிய வீடு இது. நடுக்கூடத்துத் தரை அடுப்பில் விறகு புகைய, உத்தரமெல்லாம் கரியேறிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் மரச்சட்டச் சன்னல் வழியே விழும் வெயில் அந்தப் புகையில் கோடுகோடாக இறங்கும். இதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

என் ஓட்டு ட்சுமாகோவுக்கு. காலையில் மகோமேயைச் சுற்றிவிட்டு அங்கிருந்து நடந்து வாருங்கள். மகோமே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் குறைவு. வழியில் கரடியை விரட்ட மணிகள் தொங்கும், அடித்துக்கொண்டே போகலாம். வழியில் ஒரு தேநீர்க்குடிலும் உண்டு. முட்டிவலிக்காரர்கள் நடக்காமல் நகிசோ ரயில் நிலையத்திலிருந்து நேரே பஸ்ஸில் வரலாம், பத்தே நிமிஷம். ட்சுமாகோ தெருவில் அவ்வளவாக ஏற்றமும் இல்லை. நேரம் குறைவு, மலைக்காட்சி போதும் என்பவர்களுக்கு நகட்சுகவாவிலிருந்து பஸ் ஏறி மகோமே.

ஐந்து மணிக்கெல்லாம் கடைகள் மூடிவிடும். இராச்சாப்பாடு தரும் விடுதியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். சைவம் என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும், சூப்பிலும் மீன் சாறு இருக்கும்.