மூணு வருஷ வீலும் ஒரு பிரேக் பெடலும்

சுரண்டையில் இருக்கும் மாப்ள ஒருத்தன் போன வாரம் கேட்டான், "நீ வச்சிருக்க வீல் செட்டு விலை இறங்கிட்டாம்லா, வாங்கட்டுமா?" என்று. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுகிற ஸ்டியரிங் வீலும் பெடல்களும் சேர்ந்த செட்டைத்தான் கேட்கிறான். ஒரு வரியில் பதில் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். ஸ்பெக் எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, அதை விடுங்கள். கம்பெனி பேரைச் சொல்லிச் சண்டை இழுக்கவும் விருப்பமில்லை.

வீலைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். மூணு வருஷத்தில் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. வளைவில் முன் டயர் பிடி விடப் போகும்போது வீல் சட்டென்று லேசாகும், அந்த லேசைக் கை படித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. என் எரிச்சலெல்லாம் பிரேக் பெடல் மேல்தான்.

நான் ஓட்டுவது அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே என்கிற ரேஸ் கேம், பெரும்பாலும் இத்தாலியின் மோன்ஸா ட்ராக், ஜிடி3 என்கிற ரகப் பந்தயக் கார். 5.793 கிலோமீட்டர் ட்ராக். ஆரம்பத்தில் ஒரு லேப், அதாவது ஒரு முழுச் சுற்று, 1:56 (ஒரு நிமிடம் 56 நொடி), அப்புறம் 1:53-இல் வந்து ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. மாசக்கணக்கில் நகரவில்லை. நானும் எல்லாரையும் போல, கார் திரும்புவது ஸ்டியரிங்கில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேராக வரும்போதே பிரேக்கை முழுசாக அமுக்கி, சட்டென்று விட்டுவிட்டு அப்புறம் வளைப்பேன். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன் டயர்களில் வந்து உட்காரும், காலை ஒரேயடியாக எடுத்தால் அந்தப் பாரம் பின்னால் போய்விடும், சரியாக அந்த நேரம் பார்த்து நான் முன் டயரிடம் திரும்பச் சொல்வேன், அது எப்படித் திரும்பும்? மூக்கு நேரே புல்லைப் பார்த்துப் போகும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ரத வீதி முக்கில் தேரைத் திருப்புவதில் வடம் பிடிக்கிற கூட்டத்தை விடச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவருக்குத்தான் பங்கு அதிகம். பிரேக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும், நிறுத்துகிற சாமானாக மட்டும் நினைக்கக் கூடாது. ஸ்டியரிங் கூடக் கூட பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வளைவுக்குள் போவது, ட்ரெயில் பிரேக்கிங் என்பது இதுதான். டயருக்கு இருக்கிற பிடி மொத்தம் இவ்வளவுதான், பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு.

இதைப் பழகிய பிறகு 1:50-க்குப் பக்கத்தில் வந்தேன். நேரம் அதிகம் மிச்சமானது நான் எதிர்பார்த்த முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து மாறி மாறித் திரும்புகிற வளைவு) இல்லை, இரண்டாம் லெஸ்மோ என்கிற வளைவிலும் கடைசி வளைவான பாராபோலிகாவிலும். (2021-இல் அதற்கு அல்போரெட்டோ என்று பேர் மாற்றிவிட்டார்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு வைத்த பேரை நம்மூரில் யார் சொல்கிறார்கள், அந்தக் கதைதான்.) பாராபோலிகாவில் ஒரு நூல் முன்னால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க முடிந்தால் அந்த வேகம் நேர்ச்சாலை முழுக்கக் கூடவே வரும்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். லேப் டைம் இருப்பது பிரேக்கை விடுகிற அந்த அரை நொடியில், இந்தப் பெடல் பொய் சொல்வதும் அதே அரை நொடியில். கால் 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், திரையில் பிரேக் அளவைக் காட்டும் கோடு 60-க்கு எகிறி விழும். நல்ல லேப் ஒன்று வரும்போது பார்த்துத்தான் செய்யும். சர்வீஸில் கேட்டால் வாரன்டி முடிந்துவிட்டது, முழு பெடல் செட்டும் மாற்ற வேண்டும் என்றார்கள், அந்தக் காசில் ஒரு பழைய சைக்கிளே வாங்கிவிடலாம்.

கடைசியில் கழற்றித் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நம்ம பழைய ரேடியோ வால்யூம் கண்ட்ரோல்லா தம்பி. உள்ள தூசி போனா கரகரங்கும்." உள்ளே கருப்பாக ஒரு படலம். எங்கள் வீடு கேடிசி நகரில், ஆடிக்காற்றுக்கு ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி வந்து கட்டில் வரை படியும், பெடலை விட்டுவைக்குமா? ஸ்ப்ரே அடித்து, முப்பது நாற்பது தடவை இப்படியும் அப்படியும் திருகி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். கோடு வழுவழுவென்று இறங்கியது. அன்று ராத்திரியே 1:49.8.

இன்னொன்று, அழுத்தி மிதித்தால் மொசைக் தரையில் பெடல் பின்னால் சறுக்கிக்கொண்டே போகும். சும்மா கிடந்த அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டுகிறாள்.

ஆக மாப்ள, வாங்காதே. எனக்கு வளைவு திருப்பக் கற்றுக்கொடுத்ததே இந்த செட்தான், இருந்தாலும் வாங்காதே. கொஞ்சம் பொறுத்து லோட் செல் பெடலாகப் பார். அது கால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்காது, எவ்வளவு அழுத்தம் என்று அளக்கும், காலுக்கு ஞாபகம் இருப்பதும் அழுத்தம்தான். என்னுடையதைத் தருவாயா என்று மட்டும் கேட்காதே, அது விலைக்கு இல்லை.

இப்போது ஓட்டி முடித்ததும் பெடல் மேல் பழைய சாரம் (லுங்கி) ஒன்றைப் போட்டு மூடிவிடுகிறேன். அப்படியும் நேற்று இரண்டாம் லெஸ்மோவில் ஒரு கரகர. இன்றைக்கு ஞாயிறு, அண்ணாச்சி கடை லீவு.