ஓசூரில் கெக்கோ வளர்ப்பவர்கள் கவனத்துக்கு: ஸ்டிக்கர் சுற்றிய அந்த க்ரீமை வாங்காதீர்கள்

கெக்கோ என்ற செல்லப் பல்லியின் தோலில் புண் இருக்கிறது என்று ஓசூரில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குப் போனால், "ஊர்வன ஸ்பெஷலிஸ்ட்" என்று ஒருவரை வரவழைக்கிறார்கள். அவர் வெள்ளை ஸ்டிக்கர் சுற்றிய சின்ன ட்யூப் ஒன்றைக் கொடுப்பார். வெளிநாட்டு மருந்து, 1,800 ரூபாய் என்பார். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கித் தடவிக்கொண்டிருந்தால், அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது க்ரெஸ்டட் கெக்கோ. நியூ கலிடோனியா தீவுகளின் உயிரினம். அழிந்தே போய்விட்டது என்று எண்ணியிருந்த இந்த இனத்தை 1994-இல்தான் மறுபடியும் கண்டார்கள். அதிக வெப்பம் இதற்கு ஆகாது. 28 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். ஓசூரின் குளிர்ச்சி ஒத்துக்கொள்ளும் என்றுதான் மகளுக்காக வாங்கினோம், அதே கடையில். தொட்டியை மாலையில் நனைத்து, பகலில் நன்றாக உலர விட வேண்டும். கடைக்காரர் எங்களுக்குச் சொல்லி அனுப்பியதோ, "எப்போதும் ஈரமாகவே வைத்திருங்கள் அக்கா, மழைக்காட்டுப் பிராணி இது" என்று. ஓயாத ஈரத்தில் வயிற்றுத் தோல் ஊறி, கிருமி உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. நோய்க்கு விதை போட்டதும் அவர்கள்தான், மருந்து என்று விற்றதும் அவர்கள்தான்.

கண்ணாடியில் அது ஒட்டிக்கொண்டு நிற்கும்போது வயிறு முழுவதும் தெரியும். பின்னங்காலை ஒட்டி, மிளகு அளவில் மஞ்சளும் பழுப்பும் கலந்த திட்டு ஒன்றைக் கண்டேன். அதைச் சுற்றிச் செதில்கள் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஈரம் கசிந்தது. கடையில் காட்டியபோது, "சட்டை உரிக்கப் போகிறது, வேறொன்றும் இல்லை" என்றார்கள். சட்டை உரிப்பதற்கு முன் உடல் முழுவதும் ஒரே சீராக வெளுத்து மங்கும். உரித்து முடிந்ததும் நிறம் தெளிந்துவிடும். உரித்த பிறகும் அதே இடத்தில் திட்டு நின்றால், பெரிதானால், பொருக்குக் கட்டினால் அது நோய். இந்த வேறுபாடு தெரியாதவர் இந்தப் பிராணியை விற்கவே கூடாது.

அடுத்த முறை போனபோதுதான் அந்த ஸ்பெஷலிஸ்ட் வந்தார். கையுறை இல்லை. கெக்கோவை இறுக்கிப் பிடித்து, பழைய பல்துலக்கியால் புண்ணைத் தேய்த்தார். பயத்தில் அது வாலை உதறிவிட்டது. மேஜைமேல் வால் துடித்துக்கொண்டிருக்க, மகள் அழ ஆரம்பித்தாள். அதற்கு அவர் சொன்ன பதில்: "வீட்டுப் பல்லிக்கே வால் முளைக்கிறது, இதற்கு முளைக்காதா அக்கா?" முளைக்காது. க்ரெஸ்டட் கெக்கோவுக்கு வால் போனால் போனதுதான். இதை வளர்க்கும் எல்லாரும் முதலில் தெரிந்துகொள்ளும் செய்தி இது.

க்ரீம் தடவியதும் சிவப்பு அடங்கியது. குணமாகிறது என்றே தோன்றியது. பிறகு திட்டு பரவியது, விரல்களிலும் பொருக்கு ஏறியது, தீனியைத் தொடவில்லை.

பெங்களூருவில் ஊர்வனவற்றைப் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் புண்ணின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அறியவும் மாதிரி எடுத்தார். தோலில் சிறு துணுக்கும் பரிசோதனைக்குப் போனது. வெறும் கண்ணால் பார்த்து பாக்டீரியாவா பூஞ்சையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பூஞ்சை வளர்ந்து அடையாளம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பல்லி இனங்களில் நன்னிசியாப்சிஸ் என்றொரு பூஞ்சை தோலைத் தாண்டித் தசைவரை இறங்கும், மற்றப் பல்லிகளுக்கும் தொற்றும். அது இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வந்தது. எங்களுடையது பாக்டீரியாத் தொற்று, அதன்மேல் வேறொரு பூஞ்சையும் ஏறியிருந்தது.

"என்ன தடவினீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். ட்யூபைச் சுடுநீரில் நனைத்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் இருந்தது மனிதர்களின் படர்தாமரைக்கு விற்கும் கலவை க்ரீம்: பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே குளோபெட்டசால். அச்சிட்ட விலை நூறு ரூபாய்கூட இல்லை. குளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. மனிதர்களுக்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிக் காட்டும், ஆனால் உடலின் எதிர்ப்பைத் தளர்த்திவிடும், அடியில் தொற்று தாராளமாகப் பரவும். முப்பது சொச்சம் கிராம் எடையுள்ள உயிரின்மேல் அதைப் பூசச் சொல்லியிருக்கிறார்கள்! கெக்கோ தன் தோலை நக்கும், உரித்த சட்டையைத் தின்னும். தடவியதில் ஒரு பங்கு வயிற்றுக்குள்ளும் போயிருக்கும்.

இப்போது தொட்டியில் மண்ணும் இலையும் இல்லை. வெறும் டிஷ்யூ காகிதம்தான், தினமும் மாற்றுகிறோம். அதன் கிண்ணம், இடுக்கி எல்லாம் தனி. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுகிறோம். பால் கலக்காத தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடினால் புண்ணைத் துடைக்கிறோம். வாய்வழி மருந்துகளை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தந்தார். அந்த அளவுகளை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் பிராணியின் எடையும் நோயும் வேறு. இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. ஆனால் தீனி எடுக்கிறது, புதிய தோல் வருகிறது.

இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி, பதிவு பெறாதவர் பிராணிக்கு மருத்துவம் பார்ப்பது குற்றம். செல்லப்பிராணிக் கடைகள் 2018 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டேன், காட்டவில்லை. "மருந்து விற்றது அவர், நாங்கள் இல்லை" என்கிறார்கள். ஆனால் ஜிபேயில் பணம் போனது கடையின் கணக்குக்கு.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுகிறேன். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. உங்களுக்கும் அதே ஸ்டிக்கர் ட்யூப் கிடைத்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். ட்யூபை, பணம் செலுத்திய பதிவை, புண்ணின் தேதியிட்ட படங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.