நீர் இடப்பெயர்ச்சியால் நிறை காணல்: மூழ்கடிப்பதா, மிதக்கவிடுவதா?

தராசு இல்லாத இடத்தில் நீரைக் கொண்டு ஒரு பொருளின் நிறையைக் காண இரண்டு வழிகள் உண்டு. பொருளை முழுவதும் மூழ்கடித்து, அது விலக்கிய நீரின் கன அளவைப் பொருளின் அடர்த்தியால் பெருக்குவது ஒன்று. பொருளை மிதக்கவிட்டு, விலகிய நீரின் நிறையையே பொருளின் நிறையாகக் கொள்வது மற்றொன்று. முதல் வழியே எளிது என்றாலும், அடர்த்தி ஐயமறத் தெரியாதபோது இரண்டாவதே நம்பத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

அளவுசாடியில் நீர்மட்டம் 50 மில்லிலிட்டரிலிருந்து 60க்கு உயர்ந்தால், மூழ்கிய பொருளின் கன அளவு 10 கன செ.மீ. ஆகும். அது இரும்பானால், அடர்த்தி கன செ.மீ.க்கு 7.87 கிராம் என்பதால், நிறை ஏறத்தாழ 79 கிராம். ஆனால் இரு அளவீடுகளிலும் அரை மில்லிலிட்டர் வீதம் பிசகினால், மொத்தம் ஒரு மில்லிலிட்டர் வரை சேரக்கூடிய அந்தப் பிழையையும் அடர்த்தி பெருக்கிவிடுவதால், விடை கிட்டத்தட்ட 8 கிராம் தவறும்; தங்கமானால் 19 கிராம். மேற்பரப்பில் ஒட்டும் காற்றுக்குமிழ்கள் கன அளவைக் கூட்டிக் காட்டும்.

இவற்றைப் பொறுமையால் குறைக்கலாம். அடர்த்தியைப் பற்றிய அனுமானத்தை அப்படிக் குறைக்க முடியாது. பித்தளையின் அடர்த்தி அதன் கலவைக்கேற்ப மாறும். உள்ளே வெற்றிடமுள்ள வார்ப்புக்கோ, நீர் எவ்வளவு கவனமாக அளக்கப்பட்டாலும், உண்மையைவிடக் கூடுதலான நிறையே கிடைக்கும்.

மிதக்கும் முறைக்குப் பொருளின் அடர்த்தியே வேண்டியதில்லை. மூழ்கும் பொருளானாலும், நேர்ச்சுவருடைய ஒரு பாத்திரத்தை அகன்ற தொட்டியில் மிதக்கவிட்டு, பொருளை அதனுள் வைத்து, பாத்திரம் கூடுதலாக எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்தால் போதும். வெளிப்புறக் குறுக்குப்பரப்பு 200 சதுர செ.மீ. கொண்ட பாத்திரம் 3 செ.மீ. அமிழ்ந்தால், விலகியது 600 கன செ.மீ. நீர், ஆகவே பொருளின் நிறை ஏறத்தாழ 600 கிராம். தேவைப்படுவது நீரின் அடர்த்தி மட்டுமே: நன்னீருக்கு 20 டிகிரி செல்சியஸில் 0.998, கடல்நீருக்குச் சுமார் 1.025. சரக்குக் கப்பல்களில் ஏற்றிய சுமையை, கப்பல் அமிழ்ந்த ஆழத்தைக் கொண்டு கணிப்பதும் இதே விதியால்தான்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அந்தப் பாத்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு 20 கிராம் பிழையாகும். நுட்பம் வேண்டிக் குறுகிய பாத்திரத்தை எடுத்தாலோ அது எளிதில் சாய்ந்துவிடும். எனவே தூய அலுமினியத்தின் சிறிய, திண்மமான துண்டுக்குக் குறுகிய அளவுசாடியே மேல். உலோகம் இன்னதென்று தெரியாத கனமான வார்ப்புக்கு மிதக்கும் பாத்திரம்.