டெலி லென்ஸ் வாங்கப் போறவங்க உங்க கேமராவயும் கையோட கொண்டு போங்க (நான் 13,500 ரூவாய்க்கு ஏமாந்த கத)

இத எழுத வேண்டாம்னுதான் ரெண்டு மாசமா சும்மா இருந்தேன். அத்தானும் "போன துட்டு போச்சு, விடு, ஊர் பூரா தண்டோரா போடணுமாக்கும்"னு சொல்லிட்டாவ. நேத்து ராத்திரி போன்ல ஒண்ணு பாத்தேன், அதுக்கப்புறம் ஒறக்கமே வரல, அதான் காலைல எந்திரிச்சி டீ கூட போடாம உக்காந்து அடிக்கேன். கட பேரு, தெரு ஒண்ணும் சொல்ல மாட்டேன், திருநெல்வேலிதான், அது போதும்.

நான் பாளையங்கோட்டைல சயின்ஸ் டீச்சர். குவிலென்ஸ், குழிலென்ஸ், குவியதூரம் எல்லாம் பத்தாங்கிளாஸ் பிள்ளையளுக்கு வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு நடத்துதவ, அவளே லென்ஸ்ல ஏமாந்தாளான்னு நீங்க சிரிக்கது எனக்குக் கேக்கு. சிரிச்சிக்கிடுங்க.

என்கிட்ட இருக்கது நிக்கான் டி5300, கூட வந்த 18-55 கிட் லென்ஸ் (இந்த நம்பர் கூடக்கூட தூரத்துல இருக்கது பெருசா தெரியும்). லீவு விட்டா எங்கயாவது கெளம்பிருவோம், பத்தமடைல பாய் நெய்யுறது, உவரி கடல், மணிமுத்தாறு, எல்லாத்துக்கும் அந்த கிட் லென்ஸே தாராளம். ஆனா பறவன்னு வந்தா அது ஆகாது. கூந்தன்குளத்துல கூழைக்கடா தலைக்கு மேல ஊருக்குள்ளயே வந்து மரத்துல உக்காரும், தீபாவளிக்கு அந்த ஊர்க்காரங்க வெடி போடாம பாத்துக்கிடுத பறவ, அத நான் 18-55ல எடுத்தா படத்துல எள்ளு போட்ட மாதிரி இருக்கும். அதான் இந்தப் பொங்கலுக்கு ஒரு டெலி லென்ஸ் வாங்கிரணும்னு சீட்டுத் துட்டு 15,000 எடுத்து வச்சேன்.

கூட வேல பாக்க டீச்சர் ஒருத்தி இந்தக் கட நம்பர் குடுத்தா. நான் தெளிவாத்தான் வாட்ஸ்அப்ல கேட்டேன், என்கிட்ட டி5300 இருக்கு, பறவ எடுக்க லென்ஸ் வேணும், 15,000க்குள்ளன்னு. உடனே பதில், "70-300 இருக்கு டீச்சர், உங்க 5300க்கு கரெக்டா செட் ஆகும், ஆட்டோ ஃபோகஸ் 100% ஓகே, ஒரு டாக்டர் வச்சிருந்த பீஸ்." டாக்டர் வச்சிருந்த காரு, டாக்டர் வச்சிருந்த பைக்கு, இப்ப டாக்டர் வச்சிருந்த லென்ஸு, நம்ம ஊரு டாக்டர்மாருக்கு வைத்தியம் பாக்க நேரம் எங்க இருக்கோ தெரியல.

ஸ்கூல் விட்டு நானும் அத்தானும் நேரா கடைக்குப் போயிட்டோம், கேமரா வீட்ல. முன்னாலயே போன் பண்ணி கேமராவ எடுத்துட்டு வரவான்னு கேட்டதுக்கு கடைக்காரன் "எதுக்கு டீச்சர், எல்லா நிக்கானுக்கும் ஒரே மவுண்ட்தான"ன்னான். லென்ஸ் மாட்டுத அந்த வளையம் என் கேமராவுக்கும் அந்த லென்ஸுக்கும் ஒண்ணுதான், அது பொய்யில்ல. இவன் சொன்னதுல பாதி இப்படித்தான், உண்மையாவும் இருக்கும், நம்ம கழுத்தயும் அறுக்கும்.

வாங்குதது நானு, துட்டு என்னது, ஆனா அவன் பேசுனது பூரா அத்தான்ட்டதான். "அண்ணே இந்தா பாருங்க, அண்ணே இத கேளுங்க." கடைல கெடந்த ஒரு பழைய நிக்கான் டி90 பாடில (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) லென்ஸ மாட்டி ரோட்டப் பாத்து பட்டன அமுக்குனான். கிர்ர்ர்ருனு ஒரு சத்தம், பழைய மிக்ஸி மாதிரி, ஆனா ஃபோகஸ் விழுந்துச்சு, எதுத்தாப்ல இருந்த போர்டு பளிச்சுனு தெரிஞ்சுது. என்ன இவ்வளவு சத்தம்னு கேட்டேன். "பவர்ஃபுல் மோட்டார் டீச்சர், அப்படித்தான் இருக்கும்." விஆர், அதான் கை நடுக்கத்த சமாளிக்க வசதி, இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னான். லென்ஸ கழத்தி என் கைல குடுத்தான், நான் ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தேன், உள்ள கறுப்பா, நடுவுல பட்டாணி கூட நொழையாத ஒரு ஓட்ட, அழுக்குன்னு ஒண்ணும் தெரியல. வெளிய மட்டும் 70-300னு எழுதிருக்க எடத்துல 7க்குப் பக்கத்துல பிறை மாதிரி ஒரு கீறல். நகம் பட்டதாம். 13,500. ஜிபே பண்ணது அவன் மச்சான் நம்பருக்கு, பில்லுன்னு குடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு, அதுல ஜிஎஸ்டி நம்பரும் கெடயாது, லென்ஸோட சீரியல் நம்பரும் கெடயாது, கீழ ஒரு சீல், விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு.

வீட்ல வந்து என் கேமரால மாட்டி பட்டன பாதி அமுக்குதேன், ஒரு சத்தமும் இல்ல, கிர்ரும் இல்ல, அசைவும் இல்ல. ஏதோ செட்டிங்ஸ்னு நெனச்சேன், மெனு பூரா தோண்டிட்டேன், ஃபோகஸ் செட்டிங்க அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி மாத்தி விரல் காய்ச்சதுதான் மிச்சம். மறுநாள் காலைல கூந்தன்குளம் போகணும், வேன் சொல்லியாச்சு, சரி கையால திருப்பி எடுத்துக்கிடுவோம்னு போனோம்.

அங்க நடந்தத சொன்னா அழுகையா வரும். கூழைக்கடா ஒண்ணு மேக்க இருந்து றெக்கைய விரிச்சிக்கிட்டு கொளத்துல எறங்குது, நான் வளையத்த திருப்புதேன், அது தண்ணில உக்காந்து மடிச்சும் வச்சிருச்சு, நான் இன்னும் திருப்புதேன். வரித்தலை வாத்து இமயமலையவே தாண்டி பறந்து வந்துருது, நம்ம லென்ஸு நூறடி தாண்டி பாக்க மாட்டேங்குது. 214 படம் எடுத்தேன், உருப்படியா தெளிவா வந்தது 9, அதுலயும் 4 படம் கரைல மேஞ்ச ஆடு. விஆரும் இல்லன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது, என் கேமரால சென்சார் சின்னது, அதனால 300ங்கது 450 மாதிரி பெருசாக்கிக் காட்டும், கை கொஞ்சம் நடுங்குனாலும் படம் போச்சு, 500ல ஒரு செகண்டுக்கு கொறயாம ஷட்டர் வச்சாத்தான் நிக்கும், ஆறரை மணி வெளிச்சத்துல அதுக்கு எங்க போக.

திங்கக்கிழம கடைக்குப் போனேன், இந்தத் தடவ கேமராவோட. அவன் மாட்டிப் பாத்தான், உதட்டப் பிதுக்குனான், "டீச்சர், உங்க பாடில மோட்டார் போயிருக்கு. 2,800 ஆவும், விட்டுட்டுப் போங்க." விட்டுட்டு வந்தேன். ஒம்போது நாள். அப்பறம் போன் பண்ணி "இந்த மோட்டார கம்பெனியே நிறுத்திட்டான், நீங்க பாடிய குடுத்துட்டு மேல 6,000 குடுங்க, இந்த டி90ய தாரேன், இதுல லென்ஸ் சூப்பரா ஓடுதுல்லா"ன்னான். நான் சரின்னு சொல்ல இருந்தேன். நெசமா. துட்டு பொரட்டிட்டு வாரேன்னு சொல்லி என் கேமராவ மட்டும் வாங்கிட்டு வந்தேன்.

அந்த வாரம் ஸ்கூல்ல குரூப் ஃபோட்டோ, அம்பாசமுத்திரத்துல இருந்து ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருத்தங்க வந்திருந்தாவ, கல்யாண வீட்டு ஃபோட்டோ ஃபிலிம் காலத்துல இருந்து எடுக்காவ. சும்மா பேச்சுவாக்குல "அண்ணாச்சி, 5300ல மோட்டார் போனா கெடைக்காதாமே"ன்னு கேட்டேன். அவங்க பெஞ்சுல இருந்து நிமிந்து பாத்து, "என்ன தாயி சொல்லுத? அதுல ஏது மோட்டாரு?"ன்னாவ.

என் கேமராவயும் அவங்க நிக்கான் டி7100யயும் லென்ஸ கழத்தி பக்கத்துல பக்கத்துல வச்சாவ. "இந்தா பாரு, என்னதுல மவுண்ட் வளையத்துல கீழ ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்கா, குட்டி ஸ்க்ரூ டிரைவர் மாதிரி. உன்னதுல அந்த எடம் மழமழன்னு இருக்கு. இப்ப ஒன் லென்ஸ் பின்னால பாரு, ஒரு திருகாணி வெட்டு இருக்குல்லா. இந்த முனை அந்த வெட்டுல நொழஞ்சி சுத்துனாத்தான் லென்ஸ் ஓடும்." அப்ப கடைல கேட்ட அந்தக் கிர்ரு லென்ஸோட சத்தமே இல்ல, டி90யோட சத்தம்! நிக்கான்ல 3000 வரிச, 5000 வரிச பாடி ஒண்ணுலயும் மோட்டார் வைக்கலயாம், டி90, 7000 வரிசைல உண்டு. லென்ஸ்ல வெறும் ஏஎஃப்னு போட்டு நின்னா உள்ள மோட்டார் இல்ல, ஏஎஃப்-எஸ்னோ ஏஎஃப்-பின்னோ இருந்தா உண்டு, அதுலயும் ஏஎஃப்-பி ரொம்பப் பழைய பாடில ஓடாது, 5300க்கே ஃபர்ம்வேர், அதான் கேமராவுக்குள்ள இருக்க சாஃப்ட்வேர், அப்டேட் பண்ணணும். விஆர் இருந்தா விஆர்னு லென்ஸ் மேலயே எழுதிருக்கும், என்னதுல இல்ல. ஒரு எழுத்து வித்தியாசம், எனக்கு அது தெரியல, அவனுக்குத் தெரியும். கேனான் கேமரால ஈஎஃப் வகை லென்ஸ் வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்ல இல்ல, அவன் 1987ல அந்த மவுண்ட் கொண்டாந்ததுல இருந்தே மோட்டார லென்ஸுக்குள்ளதான் வைக்கான்.

அதோட முடியல. அண்ணாச்சி லென்ஸ் பின்னால இருக்க சின்ன நெம்புகோல் மாதிரி ஒரு தகட நகத்தால ஒதுக்கிப் பிடிச்சாவ, உள்ள கறுப்பு இதழ் எல்லாம் விரிஞ்சி முழு ஓட்டயா தொறந்துச்சு. இந்த மாதிரி நிக்கான் லென்ஸ கேமரால இருந்து கழத்துனா அந்த இதழ் மூடிக்கிடுமாம், அதான் நான் ட்யூப் லைட்ல பாத்தப்ப கறுப்பா தெரிஞ்சிருக்கு. தொறந்து பிடிச்சி பின்னால இருந்து செல்போன் டார்ச்ச அடிச்சாவ. உள்ள கண்ணாடில ஓரத்துல இருந்து நடுவப் பாத்து வெள்ள வெள்ளயா நூலு, கெட்டுப்போன ஊறுகா மேல பூக்குமே அந்த மாதிரி, நடுவுல சிலந்தி கூடு மாதிரி கெளகெளயா. ஃபங்கஸ். "இது ஆரம்பமில்ல தாயி, கோட்டிங்க அரிச்சிட்டு, தொடச்சாலும் தடம் நிக்கும். வெளிச்சத்துக்கு நேரா எடுத்தா படம் பூரா பால் ஊத்துன மாதிரி இருக்கும். வீட்ல ஒன் மத்த லென்ஸோட சேத்து வைக்காத." அப்பதான் எனக்கு ஆடு படம்கூட ஏன் மங்கலா இருந்துதுன்னு வெளங்குச்சு.

நம்ம பக்கம் இது ரொம்ப வருமாம், மலையடிவாரம், குத்தால சாரல் சீசன்ல வீட்டுக்குள்ள செருப்பே பூத்துரும், நம்ம என்னடான்னா லென்ஸ தோல் பைல போட்டு பீரோல துணிக்கு நடுவுல பூட்டி வைக்கோம். அண்ணாச்சி காத்து நொழயாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல், நூறு ரூவா எரநூறு ரூவாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டரு, 40ல இருந்து 50க்குள்ள முள்ளு நிக்கணும், அவ்வளவுதான் வச்சிருக்காவ. நீலக்கலர் ஜெல்லு ரோஸா மாறுனா வாணலில போட்டு லேசா சூடு காட்டுனா பழையபடி நீலமாயிரும் (அந்த வாணலிய சமையலுக்கு எடுக்காதீங்க). அரிசில போட்டு வைக்காதீங்க, மாவுத் தூசி உள்ள போயிரும்.

அதுக்கப்புறம் கடைக்கு நானும் அத்தானும் போனோம். "செகண்ட் ஹேண்ட்ல கேரண்டி ஏது டீச்சர், வாபஸ் இல்லைன்னு சீல் போட்ருக்கேன்லா." நான் 1915க்கு போன் போட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். 2019 நுகர்வோர் சட்டத்துல, பில்லுல நாள் ஒண்ணும் போடலன்னா கொறையுள்ள பொருள 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மாட்டேங்கதே நேர்மையில்லாத வியாபாரம்னு இருக்கு, அந்த சீலுக்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்ல. குடுத்த துட்டு 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையத்துல கேஸ் போட ஃபீஸும் கெடயாது, வக்கீலும் கட்டாயமில்ல, ரெண்டு வருஷம் டைம் உண்டு. நான் மொதல்ல ஒரு கடிதாசி எழுதி, அந்த வாட்ஸ்அப் பதில், ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, டார்ச் அடிச்சி எடுத்த ஃபோட்டோ எல்லாத்தயும் நகல் வச்சி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புனேன். நாலாம் நாள் அவனே கூப்புட்டான். "உங்க 5300க்கு கரெக்டா செட் ஆகும்"னு அவனே டைப் பண்ணி அனுப்புனதுதான் அவன கடிச்சிது. வாய்ல கேட்டிருந்தேன்னா ஒண்ணும் இருந்திருக்காது, அதனால எத வாங்கினாலும் உங்க பாடி நம்பர எழுதி, எழுத்துலயே பதில் வாங்குங்க.

கடைசில லென்ஸ வாங்கிட்டு 9,000 குடுத்தான். 4,500 "தேய்மானம்". மூணு வாரத்துல ஒரு லென்ஸு என்ன தேயும்னு நான் சண்டைக்கு நின்னேன், அத்தான்தான் கைய பிடிச்சி இழுத்துட்டு வந்துட்டாவ, முழுப்பரீட்ச நேரம், எனக்கும் அலுத்துப் போச்சு. அங்கதான் நான் விட்டது தப்பு.

இப்ப அண்ணாச்சிட்ட இருந்தே 55-200 விஆர் ஒண்ணு 3,500க்கு எடுத்தேன். "ஒரு வாரம் வீட்ல வச்சி ஓட்டிப் பாரு, அப்பறம் துட்டு தா"ன்னாவ. 300 வரைக்கும் எட்டாது, ஆனா திருப்புடைமருதூர்ல ஆத்தங்கரை மரத்துல உக்காந்திருந்த கொக்க எடுத்தா இறகு இறகா எண்ணலாம்.

நேத்து ராத்திரி பாத்தது என்னன்னா, அந்தக் கட நம்பர நான் இன்னும் அழிக்கல, அவனும் எல்லாருக்கும் மொத்தமா அனுப்புத லிஸ்ட்ல இருந்து என்ன எடுக்கல. "புது ஸ்டாக். நிக்கான் 70-300, ஆல் நிக்கான் சப்போர்ட், ஆட்டோ ஃபோகஸ் 100%, மின்ட் கண்டிஷன்." ஃபோட்டோவும் போட்டிருக்கான். பெருசு பண்ணிப் பாத்தேன். 7க்குப் பக்கத்துல பிறை மாதிரி கீறல்.

வெல 14,000.